வெளித்தொட்டியில் நின்ற என் கெளுத்திகள்

சகலை, இன்று காலை கார்ப்பரேஷன் ஆள் வந்து எங்கள் கிணற்றில் ரோஸ் மருந்தைக் கரைத்துவிட்டுப் போனான். இந்தப் பக்கம் காலரா வந்திருக்கிறதாம். வாளியில் ஏறி வந்த இளஞ்சிவப்புத் தண்ணீரைப் பார்த்ததும் மற்றவர்களுக்கு வியாதி பயம் வந்தது. எனக்கு நீ நினைவுக்கு வந்தாய், கூடவே பழைய வயிற்றெரிச்சலும் வந்தது. நீ போய் வருஷம் திரும்பப்போகிறது, அது மட்டும் போன பாடில்லை.

நான் மூத்தவளைக் கட்டியவன், நீ இளையவளைக் கட்டியவன். முறைப்படி மாமியார் வீட்டில் முதல் மரியாதை எனக்குத்தான். நடந்தது என்னவோ வேறு. யுத்த காலத்தில் ரேஷன் அரிசிக்குத் தொட்டுக்கொள்ள ஏதாவது வேண்டுமே என்று நாம் இருவரும் கொல்லையில் குளம் வெட்டிக் கெளுத்தி வளர்த்தோம். சாந்தோமில் என் குளம், அடையாற்றங்கரையில் உன் குளம். ஒரே ஆளிடம் வாங்கிய குஞ்சுகள்தான். உன்னுடையவை கையளவு கொழுத்தபோது என்னுடையவை விரலளவில் நின்றன. அத்தை இரண்டு குளத்தையும் பார்த்துவிட்டு, "சின்ன மாப்பிள்ளை கை பட்டா செத்த மீனும் நீஞ்சும்" என்றார். எனக்கு எதிரிலேயே சொன்னார். மாமியார் உடைத்தால் மண்குடம் என்பார்கள். நம் அத்தைக்கோ நீ உடைத்தாலும் மண்குடம்தான், நான் உடைத்தால் மட்டும் பொன்குடம்.

அதனால்தான் என் மகள் கோயிலில் முதல் முறையாக நற்கருணை வாங்கும் புதுநன்மை விருந்துக்கு, "மீன் என் குளத்து மீன்" என்று உறவுமுறை அத்தனை பேரிடமும் சொல்லி வைத்தேன். அதற்காகச் சிந்தாதிரிப்பேட்டையில் ஒருவனிடம் இன்னும் கொஞ்சம் கெளுத்தி வாங்கினேன். பெரியவன் என்ற தோரணையோடு அதில் பாதியை உனக்கும் அனுப்பினேன். அடுத்த ஞாயிறு பூசை முடிந்து உன் வீட்டுக்கு வந்தால், நான் கொடுத்த மீன்கள் குளத்தில் இல்லை. வேலியோரம் ஒரு சிமெண்டுத் தொட்டியில் கிடந்தன.

"இன்னாது இது? நான் குடுத்ததை வெளியே நிக்க வெச்சிருக்கே?"

"ரெண்டு வாரம் தனியா இருக்கட்டும்ணே. நோவு கீதா இல்லியான்னு பாத்துட்டு உள்ள விடறேன்."

"சொந்தக்காரன் குடுத்த மீனுக்குமா?"

"நோவுக்கு சொந்தம் பந்தம் தெரியாதுண்ணே" என்று சிரித்தாய்.

உறவுக்காரன் கொடுத்ததை வாசலில் வைத்துப் பார்க்கும் வழக்கம் எந்த ஊரில் இருக்கிறது? இன்றைக்குக் கேட்டாலும் நான் கோபித்துக்கொண்டது நியாயம் என்றுதான் சொல்வேன். உன் வீட்டுத் தவலையையே எடுத்து, தொட்டி மீன் மொத்தத்தையும் அள்ளி, ரிக்‌ஷா பிடித்துக் கொண்டுவந்து என் குளத்தில் கொட்டினேன். உனக்கு வேண்டாத மீன் எனக்கு வேண்டும் என்று ஒரு வீம்பு.

பத்து நாள் போயிருக்காது. மீன்கள் மேலே வந்து தொங்கின. உடம்பெல்லாம் சிவந்த புண், மீசை நுனி அழுகல், சிலதின் முதுகில் பஞ்சு ஒட்டியதுபோல வெள்ளைப் பூசணம். விருந்து நெருங்கிக்கொண்டிருந்தது. ஊரெல்லாம் சொன்ன வாயை எங்கே கொண்டுபோய் வைப்பது? என்னைக் கேட்காமலே என் வீட்டுக்காரி, உன் அண்ணி, உனக்கு ஆள் அனுப்பிவிட்டாள்.

நீ வந்தாய். நான் திட்டியதைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு இறங்கினாய். தீனியை நிறுத்தச் சொன்னாய். செத்ததை எல்லாம் பொறுக்கித் தூரத்தில் குழி தோண்டிப் புதைத்தாய். பாதித் தண்ணீரை இறைத்துக் கிணற்றுத் தண்ணீர் விட்டாய். புண்பட்டவற்றை ஈரத்துணியில் ஏந்தி உப்புத் தண்ணீரில் விட்டு, அவை துள்ளித் தவித்ததும் எடுத்தாய். நான் கூடையால் அள்ளப்போனபோது கையைப் பிடித்துத் தடுத்தாய்.

"கெளுத்திக்கு செதில் இல்லண்ணே. தோல் கீறிச்சுன்னா நோவு உள்ள பூந்துரும்."

பிறகு ரோஸ் மருந்தைக் கரைத்தாய். நிறம் போதவில்லை என்று நான் இன்னும் ஒரு சிட்டிகை போடப்போக, "மீனுக்கு வைத்தியமா, சேலைக்குச் சாயமா?" என்றாய். கொல்லையில் நின்ற பெண்கள் எல்லாரும் சிரித்தார்கள். உன் முகத்தில் அந்தத் தண்ணீரையே விசிறி அடிக்கலாமா என்று இருந்தது எனக்கு.

பாதிக்கு மேல் பிழைத்தது. அவை தேறி, விருந்தும் குறைவில்லாமல் நடந்தது. குளம் என்னுடையது, மீன் என்னுடையது, பிள்ளை என்னுடையவள். அத்தை மட்டும் பந்தியில் நின்று, "எல்லாம் சின்ன மாப்பிள்ளை புண்ணியம்" என்று வந்தவர்களுக்கெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தார். உன் இலையில் நடுத்துண்டு விழுந்தது, என் இலையில் வால். நீ உன் துண்டை எடுத்து என் இலையில் வைத்தாய். அதற்கும் உன்னைத்தான் மெச்சினார்கள்.

இப்போது அக்கம்பக்கத்தில் யார் குளத்தில் மீன் மிதந்தாலும் என்னைத் தேடி வருகிறார்கள். போன வாரம் கோட்டூரிலிருந்து ஒருவர் வந்தார். புது மீனைத் தனியே வைப்பது, உப்புக் குளியல், குளம் காய்ந்திருக்கும்போது சுண்ணாம்பு தூவுவது, மிச்சத் தீனியை அழுகவிடாமல் அளவாகப் போடுவது என்று எல்லாவற்றையும் சொன்னேன். "ரொம்ப தெரிஞ்சவரு நீங்க" என்றார். இந்த வார்த்தைக்கு எத்தனை வருஷம் ஏங்கியிருப்பேன்! தலையை ஆட்டிவிட்டுச் சும்மா இருந்திருக்கலாம், மறுத்துச் சொல்ல நீயா எழுந்து வரப்போகிறாய்? ஆனால் வாய் முந்திக்கொண்டது.

"எனக்கு இன்னா தெரியும், எல்லாம் எங்க சகலை சொன்னது" என்றேன்.

அவர் முகம் மலர்ந்தது. "அப்படியா! அப்ப அவரையே ஒரு தடவ பாக்கலாமா?" என்று கேட்டார்.

பார்த்தாயா? செத்த பிறகும் ஜனங்கள் என்னைத் தாண்டி உன்னைத்தான் தேடுகிறார்கள். அந்த ஜனங்களில் நானும் ஒருத்தன் என்பதைத்தான், சகலை, என்னால் தாங்கமுடியவில்லை.