ஆயிரத்தில் நீ எத்தனாவது ஆள்

டவுன்ஷிப் வாழ் பெருமக்களுக்கு ஆழ்ந்த வருத்தத்துடன் அறிவிப்பது என்னவென்றால், பள்ளியில் எனக்குக் கொடுத்த லேப்டாப்பின் எஃப்-5 பட்டன் இன்று காலை கழன்று விழுந்தது. இந்த மாதிரி உளறலுக்கு முதலில் சிரிப்பவன் நீதான். இன்று யாரும் சிரிக்கவில்லை.

பைத்தான் மொழியில் எழுதிய நிரலை ஓட வைக்கும் பட்டன் அது. அமுக்கியே தேய்த்தவன் நான், அதைக் கிண்டல் செய்தே தேய்த்தவன் நீ.

புள்ளியியல் வகுப்பில் சாம்பிள் பற்றிப் படித்த வாரம் பண்ருட்டிக்குப் போனோமே, அங்கே பலாப்பழக் கடைக்காரர் ருசி பார்க்க ஒரு சுளை கொடுத்தார். தின்றுவிட்டு முகத்தைப் பெரிய மனுஷன் போல வைத்துக்கொண்டாய்.

"ஒரு சுளைய வச்சிக்கினு முழுப் பழத்தப் பத்திச் சொல்ல முடியாதுண்ணே. சாம்பிள் பத்தல."

"பழத்த முடிச்சிட்டுத்தான் முடிவு சொல்லுவியா? ஓட்றா!"

ஓடினோம். பஸ் ஸ்டாண்டு வருவதற்குள் உனக்கு மூச்சு வாங்கியது. உதடு நீலமாகியிருந்தது. "இங்க் குடிச்சியாடா?" என்றேன்.

ஆஸ்பத்திரியில் இதய வால்வில் கோளாறு என்றார்கள். ஆபரேஷன் செய்தால் பத்தில் ஒன்பது பேர் பிழைத்துக்கொள்வார்கள் என்றார் டாக்டர்.

"எங்கப்பாவே மைன்ஸ்ல இன்னும் கான்ட்ராக்ட்தான். நான் மட்டும் எப்படிடா பர்மனென்ட் ஆவேன்?" என்று நீ சிரித்தாய். உன் அம்மா எழுந்து வெளியே போய்விட்டார்.

உனக்குத் தைரியம் சொல்ல லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு வார்டுக்கு வந்தேன். பத்துக்கு ஒன்பது வாய்ப்பு என்று கொடுத்து, பைத்தானில் ஆயிரம் நோயாளிகளை உருவாக்கினேன். பிழைத்தால் ஒன்று, இல்லாவிட்டால் சைபர். திரை முழுக்க ஒன்றுகள், இடையிடையே சைபர்கள்.

"பாத்தியா? கிட்டத்தட்ட தொள்ளாயிரம் பேர் வூட்டுக்குப் போயிட்டான்."

நீ திரையை மேலும் கீழும் தள்ளிப் பார்த்தாய். "இதுல நான் எத்தனாவது ஆளுடா?"

நான் முதல் வரியிலிருந்து எண்ண ஆரம்பித்தேன். நீ லேப்டாப்பை என் பக்கம் தள்ளினாய்.

"ஆயிரம் வேணாம். எனக்குன்னு ஒன்னே ஒன்னு ஓட்டு."

ஓட்டினேன். ஒன்று வந்தது. நாம் போட்ட கூச்சலில் நர்ஸ் அக்கா என்னை வெளியே துரத்தினார். மறுநாள் ஆபரேஷன். நீ திரும்பி வரவில்லை.

டாக்டர் சொன்னது பொய்யில்லை. என் கணக்கிலும் தப்பில்லை. அதுதான் தாங்க முடியவில்லை. தப்பு இருந்திருந்தால் தேடித் திருத்தியிருப்பேன்.

இப்போது நான் பெரிய ஆள், தெரியுமா? நார்மல், பாய்சான் என்று எந்த நிகழ்தகவுப் பரவலையும் கண்ணை மூடிக்கொண்டு எழுதுவேன். உனக்கென்று அந்த ஒற்றை ஓட்டத்தைத் தினமும் ஓட்டுகிறேன். ஒரு நாள்கூட சைபர் வந்ததில்லை. தினம் தினம் நீ பிழைக்கிறாய்!

சரி, முறைக்காதே. நிரலின் தலையில் 'சீடு' என்று ஒரு எண்ணைக் கொடுத்து வைத்திருக்கிறேன். அது இருந்தால் எத்தனை முறை ஓட்டினாலும் முதலில் வந்ததே திரும்பத் திரும்ப வரும். அந்த வரியை எடுத்துவிட்டு ஒரே ஒரு முறை ஓட்டிப் பார்க்க, எனக்கு இன்னும் தைரியம் வரவில்லைடா.