பள்ளிவாசல் மாடி அறையின் பூட்டு குறித்து

அனுப்புநர்:
பொறுப்பாளர்,
மகளிர் குர்ஆன் விளக்க வட்டம்,
பள்ளிவாசல் மாடி அறை (தற்போது பூட்டப்பட்டுள்ளது).

பெறுநர்:
மேற்பார்வை அலுவலர் அவர்கள்,
வக்ஃபு சொத்துகள் அலுவலகம்.

பொருள்: பெண்கள் குர்ஆனின் பொருளைப் படித்தறிவதற்கென எழுதிவைக்கப்பட்ட அறையைப் பள்ளிவாசல் நிர்வாகக் குழு பூட்டிவைத்திருப்பது, அறையைத் திறந்துவிடவும், இமாம் அவர்கள் மீதான தடையை நீக்கவும் வேண்டுவது.

மதிப்பிற்குரிய ஐயா,

1. நான் மருத்துவமனைக்கு எதிரேயுள்ள மருந்துக்கடையில் பதினான்கு ஆண்டுகளாக மருந்தாளுநராகப் பணிபுரிகிறேன். மனு எழுதிப் பழக்கமில்லை. நடந்ததை நடந்த வரிசையிலேயே எழுதுகிறேன். சிலர் பேசிய வார்த்தைகளை மாற்றாமல் அப்படியே தந்துள்ளேன். நான் திருத்தி எழுதினால் பின்னால் அதுவே ஒரு வழக்காகிவிடும்.

2. எங்கள் பள்ளிவாசலின் பின்புறம் இரும்புப் படிக்கட்டு ஏறினால் ஓர் அறை இருக்கிறது. இரண்டு சன்னல், ஒரு மின்விசிறி, சுவரோடு ஓர் அலமாரி. இரும்புக்கடை நடத்திவந்த ஒருவர் இறந்தபின் அவருடைய மனைவி கட்டிக்கொடுத்தது. அவர் எழுதிவைத்த வக்ஃபு பத்திரத்தின் நகலை இணைத்துள்ளேன். "பெண்கள் குர்ஆனை ஓதுவதற்கு மட்டுமன்றி, அதன் பொருளைக் கேட்டும், கேள்வி கேட்டும் அறிந்துகொள்வதற்கு" என்பது அதிலுள்ள வாசகம். 'கேள்வி கேட்டும்' என்ற சொற்களைத் தாங்கள் குறிப்பாகக் கவனிக்க வேண்டுகிறேன்.

3. ஆறு ஆண்டுகளாக வியாழன்தோறும் மாலை அஸர் தொழுகைக்குப் பின் அங்கே கூடிவந்தோம். எட்டு ஒன்பது பேர் வருவோம். ஒரு மொழிபெயர்ப்பையும் இரண்டு விளக்கவுரைகளையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு வசனம் வசனமாகப் படிப்போம். விளக்கவுரைகள் ஒன்றுக்கொன்று மாறுபட்டால் இரண்டையும் நோட்டில் எழுதிக்கொள்வோம். எங்களில் ஒரு தையல்காரப் பெண்ணுக்கு 'ஏன் அக்கா' என்றே பெயர் வந்துவிட்டது. அவர் 'ஏன்' என்று கேட்காமல் ஒரு வசனமும் எங்களைக் கடந்து போனதில்லை. அதனால் ஒரு பக்கம் படிக்க ஒரு மாதம் ஆனதும் உண்டு.

4. நாங்கள் தவறே செய்ததில்லை என்று கூறமாட்டேன். முதலாம் ஆண்டில் ஒரு தவறு நேர்ந்தது, செய்தவள் நான். மேற்படி தையல்காரருக்குத் தீராத சர்க்கரை நோய். விட்ட நோன்புகளை வேறு நாட்களில் நோற்றே தீரவேண்டும் என்று, ஒரு வசனத்தைப் படித்துவிட்டு அதற்கு முந்தைய வசனத்தைச் சரியாகப் படிக்காமல், நானே அவரிடம் சொன்னேன். நோன்பு நோற்ற ஆறாம் நாள் அவர் தையல் எந்திரத்தின் மீதே மயங்கிச் சரிந்தார். இன்னின்ன மருந்தை இன்னின்ன நேரத்தில் சாப்பிட்ட பிறகு போடுங்கள் என்று நாள் முழுவதும் ஊருக்கெல்லாம் சொல்கிற நானே அப்படிச் செய்தேன். இமாம் அவர்கள் விவரம் கேட்டறிந்து, குணமாகாத நோயாளி நோன்புக்குப் பதிலாக ஏழைக்கு உணவளித்தால் போதும் என்று இரண்டு வசனங்களையும் சேர்த்துப் படித்துக் காட்டினார். என்னைக் கடிந்துகொள்ளவில்லை. "படிச்சது தப்பில்லம்மா. பாதியில நிறுத்தினதுதான் தப்பு" என்று மட்டும் கூறினார். அன்றிலிருந்து ஒருவரின் வாழ்க்கையைத் தொடுகிற எதையும் இமாமைக் கேட்காமல் நாங்கள் முடிவு செய்ததில்லை.

5. பதினைந்து வாரங்களுக்கு முன் ஒரு வியாழக்கிழமை, எங்கள் வகுப்புக்கு வரும் மழலையர் பள்ளி ஆசிரியை இரண்டு பைகளோடு படியேறி வந்தார். வெளியூருக்குக் கிளம்புகிறார் என்று நினைத்து, "எங்க டீச்சர், ஊருக்கா?" என்று ஒருவர் சிரித்துக்கொண்டே கேட்டுவிட்டார். ஆசிரியை பைகளைக் கீழே வைக்காமல் நின்றபடியே சொன்னார்: வேறு ஊரில் வேலை செய்யும் கணவர் காலையில் தொலைபேசியில் தலாக் சொல்லிவிட்டார், பள்ளி முடிந்து வீட்டுக்குப் போனபோது பைகள் வாசலுக்கு வெளியே இருந்தன. வைத்தவர் கணவரின் அண்ணன். அவர்தான் எங்கள் நிர்வாகக் குழுவின் செயலாளர். ஆசிரியைக்குப் பெற்றோர் இல்லை. வியாழக்கிழமை நான்கரை மணிக்கு எங்கே போவது என்று தெரியாமல், வழக்கமாக வரும் இடத்துக்கு வந்திருக்கிறார்.

6. ஒருவர் தண்ணீர் கொடுத்தார். இன்னொருவர் தன் வீட்டுக்கு வரும்படி அழைத்தார். அப்போது ஏன் அக்காதான், "இவ்வளவு நாளா படிக்கிறோமே, இவளுக்குன்னு இதுல ஒரு வரிகூட இல்லையா?" என்று கேட்டார். அறுபத்தைந்தாம் அத்தியாயத்தை எடுத்தோம். முதல் வசனத்திலேயே இருந்தது. இத்தா எனும் காத்திருப்புக் காலம் முடியும்வரை, வெளிப்படையான மானக்கேடான செயலைச் செய்தாலொழிய, அப்பெண்களை அவர்களுடைய வீடுகளிலிருந்து வெளியேற்றாதீர்கள் என்பது அதன் கருத்து. 'அவர்களுடைய வீடுகள்' என்றே வசனம் கூறுகிறது. ஆசிரியை அந்த இடத்தை விரலால் தொட்டு இரண்டு முறை படித்தார். அதன்பிறகே பைகளைக் கீழே வைத்தார்.

7. பழைய தவறு நினைவிருந்ததால், கீழே இருந்த இமாமை மேலே வரும்படி அழைத்தேன். அவர் வாசலில் நின்றபடியே, கணவர் எத்தனை முறை தலாக் சொன்னார் என்று கேட்டார். ஒரு முறை என்று ஆசிரியை பதிலளித்தார். இமாம் கீழே போய்த் தம்முடைய நூலையும் எடுத்துவந்து பார்த்துவிட்டு, "மூணு தலாக்குன்னா அறிஞர்கள் பலவிதமா சொல்லுவாங்க. இதுல அந்தப் பேச்சே இல்ல. இத்தா முடியிற வரைக்கும் அது இவங்க வீடு. வாங்க, நானும் வர்றேன்" என்றார். ஏழு பெண்களும் இமாமும் ஆசிரியையுடன் நடந்தே போனோம். இரண்டு தெரு தூரம். யாரும் கோஷம் போடவில்லை. எங்கள் கையில் பைகளும் ஒரு புத்தகமும் தவிர வேறெதுவும் இல்லை. 'ஊர்வலம் நடத்தினார்கள்' என்று குழு பின்னர் வெளியிட்ட அறிக்கை கூறுவதால் இதைத் தெரிவிக்க வேண்டியுள்ளது.

8. செயலாளர் வாசலை மறித்து நின்று, "வீட்டு விஷயத்த வீதிக்குக் கொண்டு வராதீங்க" என்றார். பைகளை வீதியில் வைத்தது யார் என்று ஏன் அக்கா கேட்டது உண்மை. குரல் சற்று உயர்ந்ததும் உண்மை. அதற்கு அவர் சார்பில் வருந்துகிறேன். இமாம் அவர்கள் வசனத்தை ஓதி, பொருளையும் சொன்னார். செயலாளர் என்னைப் பார்த்து, "மருந்துச் சீட்டு படிக்கத் தெரிஞ்சா டாக்டர் ஆயிடுவீங்களா?" என்று கேட்டார்.

9. ஐயா, அக்கேள்வி நியாயமானதே. நான் டாக்டர் ஆகிவிட மாட்டேன். ஆனால் நாளைக்கு ஒரு மாத்திரை என்று சீட்டில் எழுதியிருக்க, கடையில் மூன்று கொடுத்தால், அது தவறென்று சொல்ல டாக்டராக இருக்கத் தேவையில்லை. சந்தேகம் வந்தால் டாக்டரையே கேட்டுவிடலாம். நாங்கள் கேட்டுவிட்டுத்தான் போனோம்.

10. அந்நேரம் செயலாளரின் தாயார், அதாவது ஆசிரியையின் மாமியார், உள்ளேயிருந்து வந்தார். மகனை விலகச் சொல்லவில்லை. இமாமிடம், "ஹஜ்ரத், அத இன்னொரு தடவ சொல்லுங்க" என்று கேட்டார். இமாம் மீண்டும் சொன்னார். "நான் புதுசா கல்யாணமாகி வந்தப்ப என்னையும் ஒருநாள் இப்படித்தான் வெளிய நிறுத்தினாங்க. ஒரு ராத்திரி பூரா நின்னேன். இப்படி ஒண்ணு இருக்குன்னு ஒருத்தர்கூட சொல்லலையே" என்றார். அழவில்லை. மகனின் கையைத் தாண்டிக் குனிந்து ஒரு பையை எடுத்துக்கொண்டு, "வாம்மா, காலையிலேருந்து சாப்பிட்டிருக்க மாட்டே" என்று உள்ளே நடந்தார். ஆசிரியை மற்றப் பையோடு பின்னால் போனார். நாங்கள் திரும்பிவிட்டோம். அங்கே நிகழ்ந்தது இவ்வளவுதான்.

11. அடுத்த வியாழன் போனபோது அறையில் புதுப் பூட்டு தொங்கியது. கதவில், 'பொருள் சொல்வது ஆலிம்களின் வேலை. மகளிர் விளக்க வகுப்பு மறு அறிவிப்பு வரை நிறுத்தப்படுகிறது' என்று எழுதி ஒட்டியிருந்தார்கள். மார்க்கம் கற்ற ஆலிமின் வேலை அது என்றால் ஆலிமையாவது செய்யவிட்டிருக்கலாம். இமாம் அவர்கள் தொழுகை நடத்துவதோடு நிறுத்திக்கொள்ள வேண்டும், வெள்ளிக்கிழமை உரையை முன்கூட்டியே எழுதிக் குழுவிடம் காட்ட வேண்டும் என்று அவருக்கும் உத்தரவிட்டுள்ளார்கள். அவர் அதற்குக் கட்டுப்பட்டு நடக்கிறார். அவருக்கு மூன்று பெண் பிள்ளைகள். குடியிருப்பது பள்ளிவாசல் தந்த வீட்டில். இம்மனுவை அவர் தூண்டி எழுதவில்லை என்பதை உறுதியாகத் தெரிவிக்கிறேன்.

12. எங்கள் புத்தகங்களும் ஆறு ஆண்டு நோட்டுகளும் உள்ளே உள்ளன. இப்போது ஒலிபெருக்கிகளையும் மடக்கு நாற்காலிகளையும் அங்கே அடுக்கியிருக்கிறார்கள். மூன்று முறை எழுத்து மூலம் கேட்டும் பதில் இல்லை. குழுத் தலைவரை நேரில் பார்த்தபோது, "பொறுமையா இருங்கம்மா, எல்லாம் ஆறட்டும்" என்றார். ஆறுவதற்கு எங்களுக்கொன்றும் சுடவில்லை என்று சொல்ல நினைத்துச் சொல்லாமல் வந்துவிட்டேன்.

13. ஆசிரியை விஷயம் என்னவாயிற்று என்று தாங்கள் அறிய விரும்பலாம். அதே வசனம், இதற்குப் பின் இறைவன் ஒரு புதிய நிலையை உண்டாக்கக்கூடும் என்று முடிகிறது. ஒரே கூரையின்கீழ் இருந்தால் மனம் மாற வாய்ப்புண்டு என்று விளக்கவுரைகள் கூறுகின்றன. நாங்கள் எல்லோருமே அதை எதிர்பார்த்தோம். மாமியார் மிகவும் எதிர்பார்த்தார். ஏழாம் வாரம் கணவர் வந்தார். ஒரு மணி நேரம் பேசிக்கொண்டிருந்துவிட்டுத் திரும்பிப் போனார். மனம் மாறவில்லை. ஏறத்தாழ மூன்று மாதங்களில் இத்தா முடிந்த மறுநாள் காலை பத்து மணிக்கு, தெருவே பார்க்க, ஆசிரியை பள்ளிக்கு அருகில் பார்த்துவைத்திருந்த வாடகை வீட்டுக்குப் போனார். மாமியார் கூடவே போய் அடுப்பு பற்றவைத்துக் கொடுத்துவிட்டு வந்தார். அன்று மாலை ஆசிரியை என்னிடம், "துரத்தி வெளிய வரலக்கா. நானா கிளம்பி வந்தேன்" என்றார். இந்த வித்தியாசத்தை எந்தச் சட்டப்பிரிவில் எழுதுவது என்று எனக்குத் தெரியவில்லை. ஆனால் எங்கள் வகுப்பால் ஊருக்கு என்ன பயன் என்று குழு தன் அறிக்கையில் கேட்டிருப்பதால், இதைப் பதிலாக எழுதுகிறேன்.

14. அறை பூட்டப்பட்ட நான்காம் வாரத்திலிருந்து வகுப்பு, செயலாளரின் தாயார் அழைத்ததன் பேரில், அவருடைய வீட்டு முன்னறையில் நடக்கிறது. வியாழன் மாலை செயலாளர் தம் வீட்டுக்குள் போக எங்களைத் தாண்டித்தான் போகவேண்டும். செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு சுவரோரமாகப் போகிறார். வகுப்புக்கு இப்போது இருபத்துமூன்று பேர் வருகிறார்கள். ஆறு பேர் படியில் அமர்கிறார்கள். ஒரு குடும்பத்துக்குள் தாயையும் மகனையும் எதிரெதிரே நிறுத்தி நாங்கள் படிக்க விரும்பவில்லை. எங்களுக்கென்று எழுதிவைத்த அறை இருக்கும்போது அதற்கு அவசியமும் இல்லை.

எனவே, பத்திரத்தின் நோக்கத்தின்படி மாடி அறையைத் திறந்துவிடவும், புத்தகங்களையும் நோட்டுகளையும் எங்களிடம் ஒப்படைக்கவும், இமாம் அவர்கள் பொருள் விளக்குவதற்கு விதித்த தடையை விலக்கவும் குழுவுக்கு உத்தரவிடுமாறு வேண்டுகிறேன். எங்கள் வகுப்பில் பிழை நடக்கிறதென்ற ஐயம் இருப்பின், தாங்கள் அனுப்பும் எந்த ஆலிமும் எந்த வியாழனும் வந்து அமர்ந்து கேட்கலாம். அவரிடம் எங்களுக்கும் சில கேள்விகள் சேர்ந்துள்ளன.

இணைப்பு: வக்ஃபு பத்திர நகல், கதவில் ஒட்டிய அறிவிப்பின் புகைப்படம், குழுவுக்கு எழுதிய மூன்று கடிதங்களின் நகல்கள், இருபத்துமூன்று பேரின் கையொப்பப் பட்டியல்.

பட்டியலில் முதல் கையொப்பம் செயலாளரின் தாயாருடையது. பெயரைக் கடைசியில் வைக்கலாமா, கண்ணில் படாமல் இருக்குமே என்று நான் கேட்டேன். "மேலயே போடு. அவன் கேட்டா, நான்தான் சொன்னேன்னு சொல்லு" என்று கூறிக் கையொப்பமிட்டார். ஆகவே அதை மறைக்க வேண்டியதில்லை.

இடம்: மருந்துக்கடை, மருத்துவமனை எதிரில்
நாள்: வியாழக்கிழமை, பதினான்காம் தேதி

தங்கள் விசாரணையை எதிர்நோக்கும்,
(ஒப்பம்)
பொறுப்பாளர், மகளிர் குர்ஆன் விளக்க வட்டம்