மடங்கிய முட்டி

தம்பிக்கு,

அன்பியக் கூட்டத்தில் நம் சர்ச் குடும்பங்கள் எல்லோர் முன்னாலும், "எங்க அக்கா யோகான்னு சொல்லிக்கினு சூரியனக் கும்புடுது, பூசையில பைபிள் வாசகம் படிக்க வுடாதீங்க" என்றாயாமே. ஆகா, என்ன விசுவாசம்! பல்லாவரத்தில் புது கார் எடுத்தபோது ராகு காலம் முடியும்வரை காத்திருந்து, சக்கரத்துக்கடியில் எலுமிச்சம்பழம் நசுக்கிய விசுவாசி அல்லவா நீ.

யோகா வகுப்பில் நான் யாரையும் கும்பிடவில்லை. மடங்காத முட்டியை மடக்கிப் பழகினேன். மற்றவர்கள் ஓம் சொன்னபோது மனசுக்குள் அருள் நிறைந்த மரியே சொன்னேன்.

மூன்று வருடமாக நாற்காலியிலேயே பூசை கண்டவள், இந்த ஞாயிறு சாமியார் அப்பத்தை உயர்த்தி எழுந்தேற்ற மணி அடித்ததும் முழந்தாளிட்டேன். எழுந்து திரும்பினால், நீ வாசலில் நின்று போனைத் தடவிக்கொண்டிருக்கிறாய்.

வாசகத்தை இனி நீயே படி. அதற்கு முதலில் கோயிலுக்குள் வர வேண்டும்.

உன் அக்கா