சந்துக்குள் திருப்பிய வண்டி

சிட்டு,

காலையிலிருந்து என் உள்ளங்கையில் துரு வாடை. சோப்புப் போட்டுக் கழுவியும் போகவில்லை. நம் தெருக்கோடியில் புஸ்புஸ் வண்டி தள்ளிக்கொண்டிருந்தாரே, அவர் அதைப் பிரித்துப் பழைய இரும்புக்குப் போடுகிறார். "இப்ப எவம்மா இதுல ஏர்றான்? எல்லாருக்கும் சைக்கிள் ரிக்சா கேக்குது" என்றார். சக்கரங்கள் ஒரு பக்கம், உட்காரும் பலகை ஒரு பக்கம். வண்டியைத் திருப்புகிற கம்பி மட்டும் சுவரில் சாய்ந்து நின்றது. தொட்டேன். தொட்ட பிறகு விட்டுவிட்டு வர முடியவில்லை, கேட்டு வாங்கி வந்துவிட்டேன். "இன்னாத்துக்குடி இது?" என்றார் உன் அண்ணன். துணி காயப்போட என்றேன். எனக்குப் பொய் சட்டென்று வரும்.

மூன்றாவது வகுப்போடு நின்றவள் நான். தப்புத் தப்பாகத்தான் எழுதுவேன். நீ இருந்தால் படித்துவிட்டுச் சிரிப்பாய்.

நான் இந்த வீட்டுக்கு வாழ வந்தபோதே உன் இடது கால் யானைக்காலாக வீங்க ஆரம்பித்திருந்தது. அந்தக் காலோடுதான் முத்தியால்பேட்டையிலிருந்து கன்னியாஸ்திரீகள் மடத்துத் தையல்கூடத்துக்கு நடந்தாய். பிரான்சுக்குப் போகிற மேசைவிரிப்புகளில் பூப்போட்டுவிட்டுச் சாயங்காலம் நடந்தே திரும்புவாய். சனிக்கிழமை கூலியை முந்தானை முடிச்சோடு அவிழ்த்து என் கையில் வைப்பாய். ஒரே ஒரு தடவைதான் கேட்டாய்.

"அண்ணி, மழ பெய்யற அன்னிக்கு மட்டும் வண்டியில வரட்டா? சேத்துல கால வெச்சா புண்ணாப் பூடுது."

"ஏண்டி, உன் கல்யாணத்துக்குன்னு நான் வாயக் கட்டி வயித்தக் கட்டிச் சேக்கறேன். நீ அத வண்டியில வெச்சுத் தள்ளிக்கினு போவச் சொல்றியா? நடந்தாத்தான் கால்ல இருக்கற நீர் எறங்கும்."

"எறங்கும் எறங்கும். நான் வூடு வந்து சேர்றதுக்குள்ள எறங்கி ரோட்டுல ஓடும்" என்று சிரித்தாய். அதோடு விட்டுவிட்டாய்.

நடந்தால் நீர் இறங்கும் என்று எந்த டாக்டரும் எனக்குச் சொல்லவில்லை. நானே அந்த நிமிடம் உண்டாக்கினது. கல்யாணத்துக்குச் சேர்த்ததும் பாதிதான் நிஜம். காசு சேர்த்தேன். ஆனால் அந்தக் காலோடு உன்னைக் கேட்டு யாரும் வரமாட்டார்கள் என்று எனக்குத் தெரியும். தெரிந்தே உன் கல்யாணத்தைக் காட்டி உன் வாயை அடைத்தேன்.

இனிமேல் எழுதப்போவதை யாரிடமும் சொன்னதில்லை, உன் அண்ணனிடம்கூட.

ஒரு சித்திரை மாத மத்தியானம். பெரியகடையில் காய் வாங்கிக்கொண்டு நம் தெருக்கோடிக்காரரின் புஸ்புஸ் வண்டியில் ஏறினேன். தலைவலி இல்லை, கூடையும் கனமில்லை. ஆசை. அது முதல் தடவையும் இல்லை, அதற்கு முன்பே மூன்று நான்கு தடவை ஏறியிருக்கிறேன். அந்த வண்டியில் பின்னால் ஒருவர் தள்ளுவார், முன்சக்கரத்தை உட்கார்ந்திருப்பவர்தான் கம்பியைப் பிடித்துத் திருப்ப வேண்டும். எனக்கு அதுதான் பிடிக்கும். பிறந்த வீட்டிலும் புகுந்த வீட்டிலும் நான் சொன்ன பக்கம் எதுவும் போனதில்லை. இது போகும்.

அன்று மடத்தில் உங்களை அரைநாளில் விட்டுவிட்டார்கள் என்பது எனக்குத் தெரியாது. வழியில் ஒரு வேப்பமரத்து நிழலில் நீ நின்றுகொண்டிருந்தாய். தலையில் முந்தானை, வலது காலில் பாரம். மூச்சு வாங்கிக்கொண்டு இந்தப் பக்கம் திரும்பினாய்.

கம்பியை அப்படியே சந்துக்குள் ஒடித்தேன்.

"இன்னாம்மா இது? நேராப் போனா உங்க வூடு. சந்துல வுடறீங்களே?" என்றார் வண்டிக்காரர்.

"நீ தள்ளுய்யா" என்றேன்.

அந்தப் பலகையில் இரண்டு பேர் உட்காரலாம், சிட்டு. அதுவும் எனக்குத் தெரியும்.

நான் வீட்டுக்கு வந்து வெகுநேரம் கழித்துத்தான் நீ வந்தாய். நீ கேட்காமலே நான், "வெயில்ல நடந்து வந்தது, மண்டய இடிக்குது" என்றேன். காலைக்கூடக் கழுவாமல் அம்மியடிக்குப் போய்ச் சுக்கு அரைத்தாய். என் நெற்றியில் பற்றுப் போட்டு, "செத்த நேரம் படுங்க அண்ணி, உலை நான் வெக்கறேன்" என்றாய். பற்று எரிந்தது. கண்ணை மூடிக்கொண்டு படுத்திருந்தேன்.

அந்த ஐப்பசியில் தொடையில் நெறி கட்டி உனக்கு ஜுரம் வந்தது. எப்போதும் வருகிற ஜுரம்தான் என்று இருந்துவிட்டேன். மூன்றாம் நாள் உன்னால் எழுந்து உட்காரவே முடியவில்லை. உன் அண்ணன் மில்லுக்குப் போயிருந்தார். தெருக்கோடி வண்டியைக் கூப்பிட்டு உன்னை ஏற்றினேன். ஒரு கையால் உன்னை அணைத்துக்கொண்டு மறு கையால் கம்பியைப் பிடித்தேன். மழை. பெரியாஸ்பத்திரிக்குப் போகிற வழி முழுக்கப் பள்ளம். ஒவ்வொரு பள்ளத்தையும் பார்த்துப் பார்த்து ஒதுக்கினேன். நீ தூங்குகிறாய் என்று நினைத்தேன். உன் கை வந்து கம்பியில் என் கைமேல் கொதித்தது.

"நல்லாத் திருப்பறீங்க அண்ணி. பழகின கை" என்றாய். சிரித்த மாதிரியும் இருந்தது.

பின்னால் தள்ளிக்கொண்டு வந்தவருக்கும் அது கேட்டிருக்கும். இரண்டு நாளில் நீ போய்விட்டாய்.

உன் கருமாதிக்கு அரியாங்குப்பத்திலிருந்து உங்கள் பெரியம்மா வீட்டார் வந்தார்கள். பஸ்ஸை விட்டு இறங்கினவர்களுக்கு வண்டி பேசி அனுப்பினேன். "பாவம், மழையில நடக்க வெக்கலாமா?" என்று சொன்னது இந்த வாய்தான். கூலி கொடுத்தது உன் கல்யாணக் காசிலிருந்து.

இப்போது எனக்கும் முட்டி வலி. மார்க்கெட்டிலிருந்து சைக்கிள் ரிக்சாவில்தான் வருகிறேன். அதில் திருப்புகிற வேலை நமக்கில்லை. கைகளை மடியில் வைத்துக்கொண்டு, வழியில் யாராவது காலை இழுத்து நடக்கிறார்களா என்று பார்த்துக்கொண்டே வருவேன். நிறுத்தி ஏற்றிக்கொள்வதும் உண்டு. "மவராசி, நல்லா இரு" என்பார்கள். அதைக் கேட்கக் கூசுகிறது.

துரு வாடை இன்னும் போகவில்லை. ஜுரத்தில் வாய்க்கு வந்ததைத்தான் அன்று சொன்னாயா? இல்லை, நான் சந்துக்குள் திருப்பினதைப் பார்த்துவிட்டா எனக்குச் சுக்கு அரைத்துப் போட்டாய், சிட்டு?