தோல்வியைச் சொல்லும் வியாழக்கிழமை

செப்டம்பர் 9, 2025. செவ்வாய்

போதும். எட்டு வருடம் வாயை மூடிக்கொண்டு இருந்தாயிற்று. இனி எழுதத்தான் போகிறேன். முதலில் இங்கே. பிறகு எல்லோரும் படிக்கும் இடத்தில்.

காலையில் எங்கள் இளைஞர் மையத்தின் அறிவிப்புப் பலகையில் ஒரு தாள் ஒட்டியிருந்தது. பின்லாந்துப் பரிமாற்றப் பயணம் மறுபடி தொடங்குகிறது. இளைஞர் பணியாளர்கள் இரண்டு பேர், ஜனவரியில் மூன்று வாரம், தாம்பெரே நகரத்துக்கு. முன்பு போய் வந்தவர்கள் விண்ணப்பிப்பவர்களுக்கு வழிகாட்டுவார்களாம். கீழே நான்கு பெயர்கள். 2015-இல் முதல் குழுவில் போனவன் நான். என் பெயர் இல்லை. கையெழுத்து, இயக்குநர் ஸ்ரீகண்டன்.

அவனும் எங்கள் வலியசாலை அக்ரகாரத்துக்காரன்தான். எங்கள் வீட்டிலிருந்து ஆறு வீடு தள்ளி. கல்லூரி வரை ஒன்றாகப் படித்தோம். மதிப்பெண் யாருக்கு அதிகம் என்று தெருவுக்கே தெரியும்.

பலகை முன்னால் நின்று இரண்டு தடவை படித்தேன். இரண்டாம் தடவை எதற்கு? பெயர் முளைத்துவிடுமா?

செப்டம்பர் 10

ஒழுங்காகவே எழுதுகிறேன். நாளைக்கு யாராவது கேட்டால் காட்ட வேண்டும்.

பின்லாந்தில் நாங்கள் கற்றதில் உருப்படியானது ஒன்றுதான். அங்குள்ள இளைஞர் கூடங்களில் மாதக் கூட்டம் தொடங்கும்போது ஒவ்வொருவரும் அந்த மாதத்துத் தோல்வி ஒன்றைச் சொல்ல வேண்டும். இரண்டு நிமிடம். மற்றவர்கள் கேட்க மட்டும் செய்யலாம். அறிவுரை கூடாது, ஆறுதலும் கூடாது. பயணத்தை நடத்திய ஐனோ, ஊர் திரும்பிய பிறகும் தொடர்பு அறுந்துவிடாமல் இருக்க இதையே வைத்தாள். மாதத்தின் முதல் வியாழன், எங்களுக்கு மதியம் இரண்டரை மணி, வீடியோவில். ஐந்து நாட்டுக்காரர்கள் வருவார்கள்.

நம்மவர்கள் அதில் என்ன சொன்னார்கள்? 'நிகழ்ச்சிக்கு எதிர்பார்த்ததைவிடக் கூட்டம் அதிகம், நாற்காலி போதவில்லை, அதுதான் தோல்வி.' இப்படி.

2017 ஜூனில் நான் உண்மையைச் சொன்னேன். போனக்காடு தேயிலைத் தோட்டத்தில் தமிழ்த் தொழிலாளர் பிள்ளைகளுக்காக எங்கள் மையம் நடத்தும் வாசிப்பறை ஐந்து மாதமாகப் பூட்டிக் கிடக்கிறது. ஆனால் இயக்குநர் அனுப்பும் அறிக்கையில் வாரம் பதினெட்டு இளைஞர்கள் வருகிறார்கள். படங்கள் பழையவை.

இயக்குநராக அதில் இருந்த ஸ்ரீகண்டன் தன் கேமராவை அணைத்தான். மறுநாள் அறைக்குக் கூப்பிட்டான். கதவைச் சாத்தவில்லை, எல்லோருக்கும் கேட்கட்டும் என்று. "சீனு, நம்மாத்து அடுக்களைல சாதம் கரிஞ்சா, அதை வெளிநாட்டுக்காரிகிட்ட போய் சொல்லுவாளோ?"

அடுத்த மாதம் எனக்கு வீடியோ இணைப்பு வரவில்லை. அதற்கடுத்த மாதம் என்னைப் பதிவேட்டுப் பிரிவுக்கு மாற்றினார்கள். ஜன்னல் இல்லாத அறை. இருபது வருடம் பிள்ளைகளோடு வேலை செய்தவன் இப்போது கோப்புகளுக்கு எண் போடுகிறேன்.

செப்டம்பர் 11

இன்று எழுத ஒன்றுமில்லை. லிஃப்டில் அவனும் நானும். மூன்று மாடி. இரண்டு பேரும் எண்களைப் பார்த்துக்கொண்டே வந்தோம்.

செப்டம்பர் 14. ஞாயிறு

கலைச்செல்வி வீட்டுக்கு வந்தாள். போனக்காட்டுப் பெண், இருபத்தாறு வயது. அப்பா அம்மா இருவரும் தோட்டத் தொழிலாளர்கள். நான்கு வருடமாக அந்த வாசிப்பறை அவள் பொறுப்பில்தான் நடக்கிறது. பின்லாந்துக்கு விண்ணப்பிக்கிறாள். வழிகாட்டிகள் நால்வரும் அவளுக்கு ஒதுக்க நேரமில்லை என்று சொல்லிவிட்டார்களாம். அவர்களுக்கு சுமந்த் போதும். அவனும் விண்ணப்பிக்கிறான், இயக்குநருக்கு வேண்டியவன், நன்றாக ஆங்கிலம் பேசுவான்.

என் மனைவி சாவித்ரி அவளுக்கு அடை போட்டாள். படிவத்தைப் பார்த்தேன். மூன்றாம் கேள்வி: உங்கள் வேலையில் தோற்றுப்போன ஒன்றைச் சொல்லுங்கள். ஐனோவின் கேள்வியேதான்.

"ஆபீஸ்ல, 'எனக்கு இங்கிலீஷ் பத்தாது, அதாக்கும் தோல்வி'ன்னு எழுதச் சொல்றாங்க சார். அது போதுமா?"

போதாது என்றேன். நான் எழுதித் தருகிறேன் என்றேன். அவள் சற்று யோசித்துவிட்டுச் சரி என்றாள். யோசித்தாள். அதை அப்போதே கவனித்திருக்க வேண்டும்.

செப்டம்பர் 17

மூன்று நாளாகப் பதிவேட்டு அறையில் உட்கார்ந்து எழுதினேன். போனக்காடு அறை, பொய் அறிக்கை, பழைய படங்கள், தேதிகள், எல்லாம் அவள் வாயால் சொல்வதுபோல. தேர்வுக் குழுவில் ஐனோ இருக்கிறாள். படிப்பாள். ஸ்ரீகண்டனால் இந்தத் தடவை கேமராவை அணைக்க முடியாது.

நல்ல நடை. நானே சொல்லக் கூடாது, இருந்தாலும்.

செப்டம்பர் 20. சனி

காலையில் பஸ் ஏறி மலைக்குப் போனேன். நானே நேரில் கொடுக்கலாம் என்று. விதுரை தாண்டியதும் மழை. போகாமலே இருந்திருக்கலாம்.

வாசிப்பறையில் பத்துப் பன்னிரண்டு பேர் இருந்தார்கள். சுவரில் வேலைவாய்ப்பு அறிவிப்புகள், பக்கத்தில் கால்பந்து அணியின் பட்டியல். கலைச்செல்வி வாசலில் நின்றபடியே நான் எழுதியதைப் படித்தாள். மெதுவாகப் படித்தாள். பிறகு மடித்து என் கையில் கொடுத்தாள்.

"நல்லா எழுதியிருக்கீங்க சார். ஆனா இது நான் தோத்தது இல்லையே. அப்ப நான் இங்க வேலைக்கே வரல."

உண்மை வெளியே வர வேண்டாமா என்று கேட்டேன். குரல் உயர்ந்துவிட்டது. பிள்ளைகள் திரும்பிப் பார்த்தார்கள்.

"இது உங்களுக்கும் டைரக்டர் சாருக்கும் உள்ள வழக்கு. எனக்குப் போகணும் சார். போயிட்டுத் திரும்பி இங்கதான் வரணும்."

அவள் ஏற்கெனவே ஒன்று எழுதி வைத்திருந்தாள். பென்சிலில், அரைப் பக்கம். போன வருடம் லயத்தில், தொழிலாளர் வரிசை வீடுகளில் இருக்கும் பெண்கள் ஏழு பேரை ஒரு பயிற்சிக்குச் சேர்க்கப் பார்த்திருக்கிறாள். படிவம் மலையாளத்தில் இருந்ததால் கூட்டத்தையும் மலையாளத்திலேயே நடத்தினாள். கூடப் பிறந்தவர்கள் போலப் பழகிய பெண்கள் அவளை 'மேடம்' என்று கூப்பிட்டுவிட்டுப் போனார்கள். மறுபடி வரவில்லை. 'அன்று நான் அவர்களிடம் ஆபீஸ் மாதிரிப் பேசினேன்' என்று முடித்திருந்தாள்.

எனக்கு அதில் திருத்த ஒன்றும் கிடைக்கவில்லை.

பஸ்ஸுக்காகக் காத்திருந்தபோது வேலப்பன் குடையோடு வந்தார். தோட்டத்தில் காவல் வேலை பார்த்தவர், இப்போது எழுபது இருக்கும். "சாரைக் கண்டு எத்தற வருஷமாச்சு! அந்தக் காலத்துல ஒரு அஞ்சு மாசம் வராம இருந்தீங்களே, தீனமோ, மேலுக்கு முடியலையோன்னு நெனச்சோம். பயலுக சனிக்கெழமை தோறும் வாசல்ல வந்து உட்கார்ந்து பாத்துட்டுப் போவானுக. சாவி சார்கிட்டயல்லே இருந்தது."

பஸ் வந்துவிட்டது.

செப்டம்பர் 21

சாவி என்னிடம்தான் இருந்தது. யார் இல்லை என்றார்கள்?

2017 ஜனவரியில் அவனை இயக்குநராக்கினார்கள். எனக்கு வரவேண்டிய பதவி. புது இயக்குநர் என் பணிகளை எழுத்தில் உறுதி செய்யட்டும், அதன் பிறகு மலையேறுகிறேன் என்று குறிப்பு அனுப்பினேன். பதில் வரவில்லை. நானும் போகவில்லை. சட்டப்படி சரி. இன்றைக்கும் சொல்வேன், சட்டப்படி சரி.

புதுப் படங்கள் நான் கொடுக்காததால் பழையதை வைத்து அனுப்பினான். அது பொய்தான். அதை நான் விடப்போவதில்லை.

ஆனால் வாசலில் வந்து உட்கார்ந்திருந்தார்கள் என்று எனக்குத் தெரியாது. தெரிந்திருந்தால்? தெரிந்திருந்தாலும் போயிருப்பேனா?

செப்டம்பர் 23

கோயில் முன்னால் ஸ்ரீகண்டன் வழிமறித்தான். மூன்று வருடத்தில் முதல் பேச்சு. நான் மலைக்குப் போனது அவனுக்குத் தெரிந்திருக்கிறது.

"அவ அப்ளிகேஷன்ல உன் கை பட்டிருக்கோ?"

இல்லை என்றேன். நிஜத்திலும் இல்லைதானே, ஒரு வரிகூட.

"பட்டிருந்தா அனுமதிக் கடிதத்துல ஒப்பு போடமாட்டேன். அந்தக் குட்டி மேல எனக்கு ஒரு விரோதமும் இல்லை. உன் ஈட்டியா அவ வரக் கூடாது, அவ்வளவுதான்."

விறுவிறுவென்று போய்விட்டான். பதில் சொல்ல ஆயிரம் இருந்தது. இந்த ஆளுக்கு மட்டும் எப்படி இடம் பார்த்துக் குத்தத் தெரிகிறது?

அக்டோபர் 2. வியாழன்

காந்தி ஜெயந்தி விடுமுறை. இரண்டரை மணிக்கு வீடியோ கூட்டம். விண்ணப்பித்தவர்களையும் அழைத்திருந்தார்கள். எனக்கு இல்லை. கூடத்துக்கும் வாசலுக்கும் நடந்துகொண்டே இருந்தேன். "ஏன்னா, பிரசவத்துக்கு நிக்கற மாதிரி நடக்கறேளே, சித்த உக்காருங்கோ" என்றாள் சாவித்ரி.

நான்கு மணிக்குக் கலைச்செல்வி போன் செய்தாள். அந்த ஏழு பெண்களைப் பற்றித் தமிழிலேயே சொன்னாளாம், சுமந்த் ஆங்கிலத்தில் மொழிபெயர்த்தானாம். ஒழுங்காகச் செய்தான் என்றாள். யாரும் ஒன்றும் சொல்லவில்லை, அது வழக்கம்தான் என்று எனக்குத் தெரியும், அவள்தான் பயந்துபோயிருந்தாள்.

"கடைசில அந்த ஐனோ மேடம் உங்களைக் கேட்டாங்க சார். உங்களுக்கு எழுதின லெட்டருக்கு எட்டு வருஷமா பதிலே வரலியாம். சொல்லச் சொன்னாங்க."

போனை வைத்துவிட்டுக் கணினியைத் திறந்தேன். தேட வேண்டியதில்லை. எங்கே இருக்கிறது என்று தெரியும். 2017 ஜூன் 9. இரண்டே வரி. 'உங்கள் இயக்குநரின் தோல்வியைக் கேட்டேன். அதில் உங்கள் பங்கு என்ன?'

அன்று அதைப் படித்துவிட்டு, இவளும் அவன் பக்கம் சாய்ந்துவிட்டாள் என்று மூடினேன். பிறகு புத்தாண்டு வாழ்த்து அனுப்பினாள், கொரோனா சமயத்தில் நலம் கேட்டாள். எதற்கும் பதில் போடவில்லை. தண்டனை கொடுப்பதாக நினைப்பு.

மற்றவர்கள் எல்லோரும் அந்தச் சுற்றில் தங்கள் தோல்வியை, சின்னதோ பொய்யோ, தங்களுடையதைத்தான் சொன்னார்கள். அடுத்தவன் தோல்வியைக் கொண்டுபோனவன் நான் ஒருவன்தான்.

அக்டோபர் 17

முடிவு வந்துவிட்டது. கலைச்செல்வி, சுமந்த். இன்னும் மையத்தின் அனுமதிக் கடிதம் வேண்டும், அதில் ஸ்ரீகண்டன் கையெழுத்திட வேண்டும். நவம்பர் பத்துக்குள் போய்ச் சேராவிட்டால் அந்த இடம் வேறு நாட்டுக்குப் போய்விடும்.

அக்டோபர் 26

என் கட்டுரை முடிந்தது. ஒன்பது பக்கம். 2017-இல் நடந்தது எல்லாம், பெயர்களோடு. பழைய பங்கேற்பாளர்களின் பொது இணையப் பக்கத்தில் போட்டால் ஐந்து நாட்டிலும் படிப்பார்கள்.

சாவித்ரியிடம் படித்துக் காட்டினேன். முழுக்கக் கேட்டாள். "எல்லாம் சரி. இதைப் போட்டா அந்தப் பொண்ணு போவாளோ?" என்றாள். எழுந்துபோய் அரிசி களைய ஆரம்பித்தாள்.

அக்டோபர் 31

இன்னும் கையெழுத்தாகவில்லை. கோப்பு அவன் மேசையில். அவள் தினமும் கேட்கிறாள், நான் தினமும் தெரியாது என்கிறேன். நான் போய்க் கேட்டால் கெட்டுவிடும். கேட்காமல் இருப்பது மட்டும்தான் என்னால் அவளுக்குச் செய்ய முடிந்தது. என்ன பிழைப்பு இது.

நவம்பர் 4

கையெழுத்துப் போட்டுவிட்டான். அவனே அவளைக் கூப்பிட்டுக் கொடுத்தானாம். கம்பளி உடுப்பு எங்கே வாங்கலாம் என்றும் சொல்லி அனுப்பினானாம். அதைக் கேட்டதும் எனக்குச் சந்தோஷம் வரவில்லை. எரிச்சல்தான் வந்தது. எழுதிவைக்கிறேன், உள்ளது உள்ளபடி.

நவம்பர் 6. வியாழன்

அலுவலகம் போகவில்லை. இரண்டரைக்குக் கூட்டம் தொடங்கும். பேச விரும்பாதவர்கள் அதற்கு முன்பே பொதுப் பக்கத்தில் எழுதிப் போடலாம், யாராவது ஒருவர் வாசிப்பார். பெயர் எழுதும் கட்டம் கட்டாயமில்லை.

ஒன்பது பக்கத்தை எடுத்தேன். அதில் 'நான்' எத்தனை இடத்தில், 'அவன்' எத்தனை இடத்தில் என்று பார்த்துக்கொண்டே வந்தேன். வாசலில் உட்கார்ந்திருந்த பையன்கள் ஓர் இடத்திலும் இல்லை. கிழிக்கவில்லை. அலமாரியில் வைத்தேன். அவனை மன்னித்துவிட்டேன் என்று யாரும் நினைக்க வேண்டாம்.

பிறகு புதிதாக எழுதினேன். பதினொரு மணிக்கு ஆரம்பித்து ஒன்றரை ஆகிவிட்டது, இவ்வளவுக்கு:

'என் பொறுப்பில் ஒரு வாசிப்பறை இருந்தது. எனக்குக் கிடைக்காத பதவிக்காக ஐந்து மாதம் அதைத் திறக்கவில்லை. சாவி என் மேசையில் இருந்தது. அந்தச் சனிக்கிழமைகளில் இளைஞர்கள் வாசலில் காத்திருந்தார்கள் என்று இந்த வருடம்தான் கேள்விப்பட்டேன். பின்னர் அந்தப் பூட்டை இன்னொருவரின் தோல்வியாக இதே சுற்றில் சொன்னேன். என் பங்கு என்ன என்று ஒருவர் கேட்டார். இதுதான்.'

ஐனோவுக்கு யார் என்று தெரிந்துவிடும். ஸ்ரீகண்டனுக்கும் தெரியும். தெரியட்டும். ஆனால் பெயரைப் போட்டால் அவன் பதில் சொல்லியாக வேண்டும், நான் அதற்குப் பதில் சொல்லியாக வேண்டும், ஜனவரிக்குள் அந்தப் பெண்ணின் பயணம் எங்கள் இருவர் கதையாகிவிடும். கீழே பெயர் இல்லாமல் என் எழுத்து எதுவும் இதுவரை வெளியே போனதில்லை. கை அந்தக் கட்டத்துக்குத்தான் போகிறது.

இரண்டு பத்து. கட்டம் காலியாகவே இருக்கட்டும். போடுகிறேன்.