ரிப்பன் வெட்டப் போன கதை

பிள்ளையார்பாளையம்,
காஞ்சிபுரம்.

அன்பு மகள் சங்கரிக்கு,

அம்மா எழுதுகிறேன். ஏகாம்பரநாதர் புண்ணியத்தில் நானும் அப்பாவும் சௌக்கியம், நீயும் அந்த டென்மார்க் குளிரில் சளி இருமல் இல்லாமல் இருக்கவேண்டும். போனில் பேசினால் ஆரம்பிப்பதற்குள் சரிம்மா விடும்மா என்று வாயை அடைத்துவிடுகிறாய், அதனால்தான் வடகம் பார்சலோடு இந்தக் கடிதத்தையும் வைக்கிறேன். உன் பழைய பள்ளிக்கூடத்து கரஸ்பாண்டன்ட் பரசுராமன் இந்நேரம் உனக்குப் போன் போட்டு என்னைப் பற்றி ஒரு பாட்டம் அழுதிருப்பார். அவர் சொன்னதில் பாதி பொய்யாக இருக்கும். உண்மையான பாதியை நானே பெருமையாகச் சொல்கிறேன் கேள்.

புது சயின்ஸ் லேப்பைத் திறந்துவைக்க அவர் உன்னைக் கூப்பிட்டதும், என்னால் வர முடியாது அம்மா வருவாங்க என்று சொல்லிவிட்டாய். என்னிடம், போனதெல்லாம் போவட்டும்மா, ரிப்பன வெட்டிட்டு சிரிச்ச முகமா வந்துடு என்றாய். உனக்குப் போயிருக்கலாம், எனக்குப் போகவில்லை. பிளஸ் ஒன்னில் ஒரு டெஸ்ட்டில் மார்க் குறைந்ததும் ஸ்டார் பேட்சிலிருந்து உன்னை ஜெனரல் பேட்சுக்குத் தள்ளினார்களே, ஸ்டார் பேட்சுக்கு ஏசி ரூம், நீட் கோச்சிங், லேப், உங்களுக்கு சைக்கிள் ஸ்டாண்டை ஒட்டி ஒரு தகர ஷெட், லேப்புக்குப் பூட்டு. பியூரெட் என்கிற அந்தக் கண்ணாடிக் குழாயைக் கரும்பலகையில் படமாக மட்டும் பார்த்துவிட்டுப் பிராக்டிகல் பரீட்சைக்குப் போய், பிடிக்கத் தெரியாமல் அதை உடைத்து, வெளியூர் எக்ஸாமினர் முன்னால் அழுதுகொண்டு நின்றாய். ஏன் இப்படி என்று கேட்கத்தான் அப்பாவும் நானும் போனோம். அத்தனை பெற்றோர் நிற்கும்போது அந்தப் பரசுராமன், உங்க பொண்ணு கைக்கு லேப்பெல்லாம் எதுக்கும்மா, தறியில உட்கார வைங்க போதும் என்றார். அப்பா கும்பிட்டுவிட்டுத் திரும்பினார். நான் கும்பிடவில்லை. அன்றிலிருந்து அந்தப் பள்ளிக்கூட பஸ் நம் தெருவில் போனாலே எனக்கு வயிறு எரியும்.

அரசுக் கல்லூரியில் சேர்ந்த பிறகுதான் நீ லேப்புக்குள் காலே வைத்தாய், அது ஊருக்கே தெரியும். இப்போது காந்தி ரோட்டில் ஆள் உயரத்துக்கு உன் படத்தைப் போட்டு, எங்கள் ஆய்வகம் உருவாக்கிய விஞ்ஞானி என்று எழுதி வைத்திருக்கிறார்கள். அப்பா வண்டியை நிறுத்தி அதைப் பார்த்துப் பூரித்துப்போய் வந்தார், எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. உன் மாமா பெண் அபி அங்கேதான் பிளஸ் டூ படிக்கிறாள், அவளும் ஜெனரல் பேட்ச்தான். புது லேப் எப்படிடி இருக்குது என்று கேட்டேன். எங்கள எங்க உள்ள விடுறாங்க அத்தை, நாங்க வெளிய நின்னுக்கினு கை தட்டணும், அவ்ளோதான் என்றாள். அடுத்த மாதம் அவளுக்குப் பிராக்டிகல், இன்னும் ஒரு குழாயைத் தொட்டதில்லை. உனக்கு நடந்தது அவளுக்கும் நடக்க நான் ரிப்பன் வெட்டிக் கொடுக்கவேண்டுமா சொல்.

கல்யாணப் பட்டைக் கட்டிக்கொண்டு போனேன். பரசுராமன் வாயெல்லாம் பல்லாக எல்லாவற்றையும் சுற்றிக் காட்டினார். லைப்ரரியில் புத்தகங்கள் கண்ணாடிக்குள் பூட்டிக் கிடந்தன, நீச்சல் குளத்தில் தண்ணீர் எங்கே சார் என்றேன், மெயின்டனன்ஸ்மா என்றார். அடுத்த வருஷ அட்மிஷனுக்கு வந்த பெற்றோர் கூட்டம் ஒரு பக்கம், கேபிள் டிவி கேமரா ஒரு பக்கம். தாம்பாளத்தில் தங்க நிறத்தில் கத்தரிக்கோல். அதைக் கையில் எடுத்துக்கொண்டு, அன்னிக்கு என் பொண்ணப் பத்தி நீங்க சொன்னது ஞாபகம் இருக்குதா சார் என்று அவர் காதோடுதான் கேட்டேன். அவருக்கு ஞாபகமே இல்லை, சங்கரி. நான் இத்தனை வருஷமாகப் பொங்கிக்கொண்டிருக்கிறேன், அந்த ஆள் நானா அப்படிச் சொன்னேன் என்று சிரிக்கிறார். அதுதான் எனக்குத் தாங்கவில்லை. மைக்கை வாங்கி அவர் சொன்னதை ஒரு எழுத்து விடாமல் சொன்னேன். எம்பொண்ணு இங்க லேப்புக்குள்ள ஒரு நாளும் போனதில்ல, அந்த ஷெட்டுல இருக்கிற பசங்க வந்து என் பக்கத்துல நிக்கட்டும், அவங்க மொதல்ல உள்ள போறதா இருந்தா வெட்றேன் என்று சொல்லிவிட்டு அசையாமல் நின்றேன். டைம் ஆவுதும்மா, அப்புறம் பேசிக்கலாம்மா என்று அவர் கெஞ்சினார். கூட்டத்தில் ஒரு அம்மா, ஜெனரல் பேட்ச்னா என்னாங்க, எங்ககிட்ட இதச் சொல்லவே இல்லியே என்று குரல் கொடுத்தாள். அவ்வளவுதான், அவர் முகத்தில் ரத்தமே இல்லை. பிள்ளைகளைக் கூப்பிட ஆள் ஓடியது. அவர் வியர்த்துக்கொண்டு நின்றதை நான் கண் நிறையப் பார்த்தேன், அதற்காக எனக்கு ஒரு துளி வருத்தமும் இல்லை. பிள்ளைகள் வந்து நின்ற பிறகுதான் ரிப்பனை வெட்டினேன், அபிதான் முதலில் உள்ளே போனாள்.

கூட வந்திருந்த அப்பா வழியெல்லாம் வண்டியை விரட்டிக்கொண்டு வந்தார், கோபம் போல என்று நினைத்தேன். மறுநாள் பக்கத்துத் தறிக்காரர்களிடம் நான் பேசாததையும் சேர்த்துப் பேசிக்கொண்டிருந்தார்.

ஆனால் மறுநாளே லேப்பை மறுபடி பூட்டிவிட்டார்கள். கேட்க வேண்டியவர்களிடம் கேட்பேன், அந்தப் பெற்றோர்களையும் கூட்டிக்கொண்டு வருவேன் என்று பரசுராமனுக்குச் சொல்லி அனுப்பினேன். முந்தாநாள் சாயங்காலம் அபி லேப்பில் ஏதோ மருந்து பட்டு விரலெல்லாம் பழுப்புக் கறையாக வந்து நின்றாள். கழுவேன்டி என்றால், இருக்கட்டும் அத்தை என்கிறாள். இனி உன் வேலை ஒன்று இருக்கிறது. அம்மா உணர்ச்சிவசப்பட்டுட்டாங்க, எங்க ஸ்கூல் நல்ல ஸ்கூல் என்று உன் வாயால் ஒரு வீடியோ கேட்பார் பரசுராமன். கொடுத்தாயானால் அன்றைக்கே பூட்டு திரும்பி வந்துவிடும், அப்புறம் என்னிடம் பேசாதே.

வேளைக்குச் சாப்பிடு, தலைக்குக் குளித்துவிட்டு ஈரத்தோடு வெளியே போகாதே. குமரகோட்டத்து முருகன் உன்னை நோய்நொடியில்லாமல் காப்பாற்றட்டும். அந்தக் கத்தரிக்கோலை மறக்காமல் கையோடு கொண்டுவந்துவிட்டேன், இப்போது பால் பாக்கெட் வெட்டுவது அதில்தான். திருப்பிக் கேட்டு இரண்டு தரம் ஆள் அனுப்பினார், அபி பரீட்சை முடியட்டும் தருகிறேன் என்று சொல்லியிருக்கிறேன். உன்னிடம் மட்டும் சொல்கிறேன், அப்போதும் தரமாட்டேன்.

ஆசிகளுடன் உன் அம்மா,
ந. வடிவாம்பாள்