ஜெராக்ஸில் தெரியாத நீலம்

நாகலாபுரம்
6.5.2024

அன்புத் தம்பி தமிழ்வேந்தனுக்கு,

போனில் பேசினால் நமக்குள் சண்டையில்தான் முடிகிறது. அதனால் எழுதுகிறேன். நம் மாந்தோப்புக்குப் போகிற வண்டிப்பாதையில் பக்கத்து நிலத்துக்காரன் பக்கிரிசாமி முள்வேலி போட்டுவிட்டான். கேட்டால், "இன்னா பாதை? இருந்தா காட்டு, பாத்துக்கினு போறேன்" என்கிறான். காய் முற்றிவிட்டது, டிராக்டர் போக வழியில்லை. எம்.ஆர்.ஓ.விடம், அதான் தாசில்தார் ஆபீசில், பழைய மேப் கேட்கிறார்கள். நீ திருப்பதியில் சர்வே ஆபீசில் மேப் வரைகிறவன்தானே, தேடிக் கொடுடா. என் பெண் ரூபா கல்யாணத்துக்கு அந்தத் தோப்பை விட்டால் எனக்கு வேறு கதியில்லை.

உன் அக்கா,
அம்சவேணி

திருப்பதி
14.5.2024

அன்பு அக்காவுக்கு,

கிடைத்துவிட்டது! 1954இல் அச்சடித்த மேப். சென்னையிலிருந்து நண்பன் அருள்குமார் ஜெராக்ஸ் அனுப்பினான். விட்டுவிட்டுப் போகிற கோடுதான் உன் பாதை. உடனே ஆபீசில் கொடு. ஒரிஜினல் எனக்கு வந்துகொண்டிருக்கிறது. பக்கிரிசாமி மூஞ்சியைப் பார்க்க ஆசையாக இருக்கிறது.

தம்பி,
தமிழ்வேந்தன்

திருப்பதி
27.5.2024

அக்கா,

போனை ஏன் எடுக்கவில்லை? அந்த ஜெராக்ஸைக் கொடுக்காதே! ஒரிஜினல் வந்தது, கலர் மேப். ஜெராக்ஸில் வெள்ளையாக இருந்த இடமெல்லாம் நீலம். நம் தோப்பும் பக்கிரிசாமி கொல்லையும் ஏரி. உன் பாதை ஏரிக்கரை. பாவம், நைனா தெரியாமல் வாங்கியிருக்கிறார். ஏரி என்று தெரிந்தால் பட்டாவை ரத்து செய்துவிடுவார்கள்.

தமிழ்

நாகலாபுரம்
31.5.2024

தம்பி,

கொடுத்து ஒரு வாரமாகிறது. ஒரிஜினல் உன்னிடம் வருகிறது என்று எம்.ஆர்.ஓ. ஆபீசில் சொல்லித் தொலைத்தேன், அதைப் பார்க்க உன் ஆபீசுக்கே வருகிறார்களாம். இல்லை என்று சொல்லிவிடு. ஒரே ஒரு பொய்டா. உன்னை இடுப்பில் சுமந்து வளர்த்தவள் கேட்கிறேன்.

அக்கா

திருப்பதி
8.6.2024

அன்பு அக்காவுக்கு,

நேற்று வந்தார்கள். இல்லை என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன். நவம்பர் மழையில், தண்ணீர் நிற்க ஏரி இல்லாமல் நம் ஊர்க் காலனிக்குள் புகுந்து செங்கமலம் வீட்டுச் சுவர் விழுந்ததே, அந்த ஞாபகம் வந்து தொலைத்தது. எடுத்துக் கொடுத்துவிட்டேன். என்னைத் திட்டு, அடி. பேசாமல் மட்டும் இருந்துவிடாதே அக்கா. முகூர்த்தம் என்றைக்கு?

உன் தம்பி

நாகலாபுரம்
2.7.2024

திரு. தமிழ்வேந்தன் அவர்களுக்கு,

வேலியைப் பிடுங்கிவிட்டார்கள். பாதையை அளந்து கல் நட்டாயிற்று. வெட்டுவதற்காக நம் மாமரங்களில் நம்பர் எழுதியிருக்கிறார்கள். பக்கிரிசாமி கொல்லையும் போயிற்று. என் வீட்டு வாசலில் உட்கார்ந்து அழுதான், நானும் அழுதேன்.

ரூபா கல்யாணம் ஆவணியில், கோயிலில், சின்னதாக. மாமன் சீர் வைக்கப் பக்கிரிசாமியைக் கேட்டேன். சரி என்று சொல்லிவிட்டான்.

அம்சவேணி